ரோலரில் அடித்த கருப்பு

எனக்குக் கை சும்மா இருக்காது. டீக்கடையில் உட்கார்ந்தால் டம்ளரை உருட்டிக்கொண்டே இருப்பேன். பஸ்ஸில் போனால் முன்சீட்டுக் கம்பியில் தாளம் போடுவேன். ஒரு சாவு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் பிசிறு இருந்ததைப் பார்த்து, நகத்தால் சுரண்டிச் சுரண்டி வழவழவென்று ஆக்கிவிட்டுத்தான் எழுந்து வந்தேன். "உங்களப் பெத்தவங்க நீங்க பொறந்த அன்னிக்கே கையக் கட்டிப் போட்டிருக்கணும்" என்பாள் என் மனைவி. அவள் சொன்னபடி கட்டிப் போட்டிருந்தால் இதை எழுதுகிற வேலையே எனக்கு வந்திருக்காது.

வீடு கச்சிராயப்பாளையத்தில், மலை அடிவாரம். என்னிடம் ஒரு பழைய ஃபோர் வீல் பிக்கப் இருக்கிறது. எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் சேலத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றிலும் பாறையிலும் ஓட்டிப் பார்க்கிற பைத்தியம் அவருக்கு. ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை போட்டு வண்டியை ஒரு சாணுக்கு மேல் தூக்கி, டிராக்டருக்குத் தம்பி மாதிரி டயர் மாட்டியிருந்தார். ஆசை தீர்ந்ததும் என்னிடம் தள்ளிவிட்டார். நான் பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு அடித்து, மேலே தார்ப்பாய் கட்டி, கல்வராயன் மலைக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தேன். வெள்ளிமலை வரைக்கும் பஸ் போகும். தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற குக்கிராமங்களுக்குப் போகாது. அங்கெல்லாம் ஓடையும் பாறையும்தான் ரோடு. தூக்கின வண்டி இருந்தால்தான் ஆயிற்று. மலைக்காரர்களுக்கு எல்லாமே ஜீப்புதான், என் பிக்கப்பும் ஜீப்புதான்.

மலையில் வண்டிக்குக் காத்திருக்கிற விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அங்கே யாரும் ரோட்டில் வந்து நிற்க மாட்டார்கள். வண்டி எப்போது வரும் என்று தெரியாமல் வெயிலில் நிற்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள், புளி தட்டிக்கொண்டிருப்பார்கள், காது மட்டும் ரோட்டில் இருக்கும். என் வண்டியின் பின்டோர் கீல் தேய்ந்துபோய், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கடகடவென்று ஒரு சத்தம் வரும். இரண்டு வளைவுக்கு அப்பாலேயே அது கேட்கும். கேட்டதும் கையைக் காலைக் கழுவிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, மூட்டையோடு இறங்குவார்கள். நான் அவர்கள் ஊர்ப் புளியமரத்துக்கு வரும்போது அவர்களும் மரத்தடிக்கு வந்திருப்பார்கள். நான் ஹாரன் அடித்ததே இல்லை.

சத்தம் பிடிபடாதவர்களுக்கு அடையாளம் வேறு இருந்தது. வெள்ளை வண்டிக்கு இடது பக்கம் மட்டும் நீலக் கதவு, பழைய இரும்புக் கடையில் எடுத்து மாட்டியது. ஹெட்லைட் இரண்டும் மஞ்சள் காமாலை வந்த கண். பம்பரும் சக்கரத்துக்கு மேல் இருக்கிற பிளாஸ்டிக்கும் வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிவிட்டன. மேலிருந்து பார்த்தாலும் "தோ, நம்ம ஜீப்பு" என்று சொல்லிவிடலாம்.

அப்படி வருகிறவர்களில் ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார், இரண்டு பிள்ளைகள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள், இத்தனை வருஷம் கழித்துத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிக்கொண்டிருந்தாள். அவள் ஊர் அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், பத்தாவது பாஸ் என்றால் மனுப் போடலாம். மற்ற பாடமெல்லாம் முந்தின வருஷமே தாண்டிவிட்டாள். கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. இந்தத் தடவையும் போனால் வேலை வேறு யாருக்கோ போய்விடும். கீழேயிருந்து யாராவது வருவார்கள், வாரத்தில் இரண்டு நாள் தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள் என்று அவளே சொன்னாள்.

சனிக்கிழமை தோறும் கச்சிராயப்பாளையத்தில் ஒரு டீச்சரிடம் கணக்குப் படிக்க என் வண்டியில்தான் இறங்குவாள். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, ஃபார்முலா சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று நோட்டை என் பக்கம் நீட்டுவாள்.

"நான் வளைவப் பாக்கறதா, உன் நோட்டப் பாக்கறதா? நானே எட்டாவதும்மா. ஏ பிளஸ் பி எல்லாம் எங்கிட்ட கேக்காத."

"சும்மா தலையாட்டுங்கண்ணே. டீச்சரு மாதிரி ஒரு ஆளு பக்கத்துல இருந்தா தைரியமா இருக்குது."

நான் தலையாட்டுவேன். அவள் தப்பாகச் சொன்னாலும் ஆட்டுவேன், எனக்கென்ன தெரியும்? பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை இறங்கும்போது சொன்னாள்: "திங்கக்கெழம கணக்குண்ணே. கள்ளக்குறிச்சிதான் சென்டரு, பத்து மணி. முடிஞ்சா ஞாயித்துக்கெழமையே போயி சொந்தக்காரங்க வூட்டுல தங்கிக்கறேன். இல்லன்னா உங்க வண்டிதான்."

"வாம்மா, ஒம்பது மணிக்கே கேட்டுல எறக்கி வுடறேன்" என்றேன். வாய் மட்டும் எனக்கு நன்றாக நீளும்.

அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அந்த மனிதர் வந்து சேர்ந்தார். மலையில் அருவிப் பக்கம் தங்கும் விடுதி நடத்துகிறவர். சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து வருகிற பிள்ளைகளைக் காட்டுக்குள் சுற்றிக்காட்ட உயரமான வண்டி ஒன்று வேண்டும், சனி ஞாயிறு தவறாமல் ஓட்டம் இருக்கும் என்றார். என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். "ஹைட்டு சூப்பரு. கெத்தா நிக்குது. ஆனா மூஞ்சிதான் பாக்க சகிக்கல. திங்கக்கெழம மதியம் வர்றேன், கொஞ்சம் டீசன்டா பண்ணி வையுங்க, பேசி முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெயின்டரிடம் விட்டால் பத்து நாள் ஆகும், அந்தச் செலவுக்கு நான் எங்கே போவேன்? வண்டியை வாங்கிய நாளிலிருந்தே அதன் மூஞ்சியைப் பார்த்து எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் நானே பார்த்துக்கொள்வது என்று இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை ஓட்டம் முடிந்ததும் ஹெட்லைட்டில் ஆரம்பித்தேன். தண்ணீரில் நனைத்த நைசான உப்புத்தாளால் முதலில் தேய்க்க வேண்டும், பிறகு பற்பசையைத் தடவிப் பழைய பனியனால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு டியூப் முழுக்கத் தீர்ந்தது. "நாளைக்கி நாங்க லைட்டுல தேச்சிக்கினுதான் பல்லு வெளக்கணுமா?" என்று மனைவி கத்தினாள். ஆனால் மஞ்சள் போய்க் கண்ணாடி மாதிரி பளிச்சிட்டபோது அவளே வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பம்பரில் ஒரு பள்ளம் இருந்தது. குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதன்மேல் ஊற்றிவிட்டு, உள்ளே கையை விட்டுத் தள்ளினேன். டொக்கென்று வெளியே வந்துவிட்டது. கை வெந்துபோனது வேறு விஷயம். துரு அரித்த இடங்களைச் சுரண்டி, பட்டி பார்த்து, காய்ந்ததும் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்தேன். பட்டி காய்கிற நேரம் இருக்கிறதே, அது என்னை மாதிரி ஆளுக்கு நரகம். குட்டி போட்ட பூனை மாதிரி வண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்து, தொட்ட இடத்திலெல்லாம் கைரேகை விழுந்து, அதை மறுபடி தேய்த்து, சே!

வெளுத்த பிளாஸ்டிக்குக்குச் சூடு காட்டினால் பழைய கருப்பு திரும்பும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கள்ளக்குறிச்சியில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிற பாயிடம் அனல் காற்றை ஊதுகிற சூட்டுத் துப்பாக்கி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கேட்டேன்.

"கொண்டு போ தம்பி. ஆனா கைய ஆட்டிக்கினே இருக்கணும். ஒரே எடத்துல ஜாஸ்தி காட்டினா அப்பளம் ஆயிடும்" என்றார் பாய்.

"என் கையாவது ஒரே எடத்துல நிக்கறதாவது பாய்" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அதிசயம்தான். சூடு படப்படச் சாம்பல் நிறம் ஓடிப்போய் உள்ளே ஒளிந்திருந்த கருப்பு மேலே வந்தது. நான் ஒரு நிமிஷம் மனைவியைக் கூப்பிடத் திரும்பினேன், அதற்குள் வலது ஓரம் ஒரு சாண் அப்பளமாகிவிட்டது. பாய் வாய் பலித்துவிட்டது. சூட்டுக்குச் சரிவராத இடங்களில் கருப்பு ஷூ பாலிஷ் தடவினேன். நாலு டப்பா. வண்டி உயரம் என்பதால் ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்ளக் கதவோரம் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கிறது, அதுவும் வெளுத்திருந்தது, அதற்கும் தடவினேன். எதையும் விடவில்லை.

சக்கரத்து இரும்புக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டயரில் படாமல் இருக்க ஒரு தந்திரம் உண்டு. டயருக்கும் இரும்புக்கும் நடுவில் கெட்டி அட்டைகளை வட்டமாகச் செருகிவிட வேண்டும். வீட்டில் கெட்டி அட்டை என்றால் கல்யாணப் பத்திரிகைதான். அடித்து முடித்துப் பிடுங்கி எறிந்த பிறகுதான் மனைவி அதில் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"இன்னாங்க இது? எந்தங்கச்சி பத்திரிகையா டயருக்குச் சொருகினீங்க?"

"போன வருஷமே கல்யாணம் முடிஞ்சிச்சே!"

"முடிஞ்சா சக்கரத்துல சொருகிடுவீங்களா? உங்க அக்காது ஒண்ணு பீரோல இருக்குது, அதச் சொருக வேண்டிதுதானே?" அன்று மத்தியானம் எனக்குக் குழம்பு கிடைக்கவில்லை, ரசம்தான்.

கடைசியில் உடம்பு. நீலக் கதவையும் பட்டி பார்த்த திட்டுகளையும் எப்படி மறைப்பது? சுவருக்கு அடிக்கிற ரோலர் வாங்கி, கருப்பு எனாமலில் தின்னர் கலந்து, கண்ணாடிக்குக் கீழே சுற்றிவர உருட்டிவிட்டேன். ரோலரில் அடித்தால் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி பொரிப்பொரியாக வரும். காட்டு வண்டிக்கு அதுவே அழகு, வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும். பிறகு பின்டோர் கடகடப்பு. சொகுசாக வருகிற பிள்ளைகளை அந்தச் சத்தத்தில் உட்கார வைக்க முடியுமா? பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, டோர் இடுக்கு முழுக்க ஒட்டினேன். சாத்திப் பார்த்தால் மெத்தையில் விழுந்த மாதிரி பொத்தென்று மூடியது. தொண்டை கட்டிய ஹாரனைக் கழற்றிவிட்டுப் பழைய காரிலிருந்து எடுத்த இரட்டை ஹாரனை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் போவதற்குள் எல்லாம் முடிந்தது. என் வண்டியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்போது அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன், பாருங்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் மலை ஏறினேன். வழியில் ஆடு ஓட்டிப் போன ஒருவர் வண்டியைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். விறகுக் கட்டோடு வந்த இரண்டு பெண்கள் கட்டைப் புதருக்குள் தள்ளிவிட்டு முதுகைக் காட்டி நின்றார்கள். ஃபாரஸ்ட் ஆபீசர் வண்டி என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினம் என்னைப் பார்த்து "ஏய், நில்லு நில்லு" என்று கத்துகிறவர்கள் வேட்டியை இறக்கிவிடுகிறார்கள் என்றால் சும்மாவா?

வெள்ளிமலையில் நாலு பேர் ஏறினார்கள். திரும்பி இறங்கும்போது உள்ரோட்டில் திரும்பி, அவள் ஊர்ப் புளியமரத்துக்கு வந்தேன். மணி ஏழேகால். மரத்தடியில் ஈ காக்கை இல்லை. வழக்கமாக ஐந்தாறு பேராவது நிற்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அவள் நேற்றே சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். நினைப்பதற்கு என்ன, வசதியாக இருப்பதையெல்லாம் நினைக்கலாம். புது ஹாரனை இரண்டு தரம் அடித்துப் பார்த்தேன், அழகாகப் பாடியது. யாரும் வரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குக் கால் நிற்கவில்லை. மதியத்துக்குள் வண்டியை மறுபடி ஒரு தரம் துடைக்க வேண்டும், தூசி படிந்துகொண்டிருக்கிறது. இரண்டே நிமிஷம்தான் நின்றேன். கிளம்பிவிட்டேன்.

அடுத்த வளைவில் பலாப்பழக் கூடையோடு ஒரு அம்மாள் நடந்துபோய்க்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நிறுத்தியதும் பதறி ஒதுங்கி, பிறகு உற்றுப் பார்த்து, "அட, நீயா? வண்டி வாங்கினியா?" என்றார். பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவரும் அதே ஊர்தான்.

அடிவாரத்தில் கூடையை இறக்கும்போதுதான் கேட்டார். "ஏம்பா, நம்ம பரீட்ச எழுதற பொண்ணு இன்னிக்கி போவலியா? மரத்துக்கு மேலாண்ட பாற மேல உக்காந்து படிச்சிக்கினு இருந்திச்சே."

"எப்போ?"

"நீ வரதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். புதுப் பொடவ கட்டிக்கினு, பைய பக்கத்துல வெச்சிக்கினு."

மணி எட்டு ஐந்து. அந்த ஊரில் செல்போனுக்கு டவர் கிடையாது. எனக்கு அப்போது யார் மேல் கோபம் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அவள் மேல்தான். பரீட்சைக்குப் போகிறவள் ரோட்டில் வந்து நிற்கக் கூடாதா, பாறை மேல் என்ன ராஜாங்கம் என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. அவள் காதை ரோட்டில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். நான்தான் சத்தத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்திருக்கிறேன்.

வண்டியில் இருந்தவர்களைக் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறச் சொல்லிக் கெஞ்சினேன். இரண்டு பேர் முறைத்துக்கொண்டே இறங்கினார்கள். பின்டோரைத் திறந்து, நேற்று ஒட்டிய டியூப் பட்டைகளைப் பிய்த்தேன். பாழாய்ப்போன சொல்யூஷன் நன்றாகப் பிடித்திருந்தது. நகம் பெயர்ந்தது. கடைசிப் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தேன். பிறகு ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பழைய கடகடப்பு மலை முழுக்கக் கேட்டது. இரண்டு மடங்காகக் கேட்கட்டும் என்று பள்ளம் பார்த்து வண்டியை விட்டேன். சாமை வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓடையில் இறங்கியபோது சேறு வாரி அடித்தது. பட்டி பார்த்த இடத்தில் ஒரு துண்டு உதிர்ந்து கண்ணெதிரே போனது. போகட்டும்.

புளியமரத்துக்கு ஒரு வளைவு இருக்கும்போதே அவளைப் பார்த்துவிட்டேன். பையையும் ஹால்டிக்கெட் இருந்த பிளாஸ்டிக் கவரையும் மார்போடு அணைத்துக்கொண்டு சரிவில் ஓடி வந்துகொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சத்தம் என்னுடையது, வண்டி வேறு யாருடையதோ. நான் தலையை வெளியே நீட்டிக் கத்திய பிறகுதான் வந்து ஏறினாள்.

"இன்னாண்ணே, இவ்ளோ நேரம்? வண்டி கெட்டுப்போச்சா?" அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இல்லம்மா..."

"ஏழு மணிக்கி மேல ஒரு கருப்பு வண்டி போச்சி. டூர் வண்டி போல, ஹாரன் அடிச்சிக்கினு நின்னுச்சி. அதையாவது கேட்டிருக்கணும். தெரியாதவங்க வண்டி, எப்படிக் கேக்கறதுன்னு உக்காந்துட்டேன்."

"அது நாந்தாம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், முன்னால் இருந்த பளபள பானெட்டைப் பார்த்தாள். மணி எட்டே முக்கால். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு ஃபார்முலாவும் சொல்லவில்லை, என்னைத் தலையாட்டச் சொல்லவும் இல்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி வந்தாள்.

மலையிலிருந்து இறங்குவதை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். அடிவாரம் தாண்டிக் கள்ளக்குறிச்சி ரோட்டில் இரண்டு டிரெய்லரில் கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று முன்னால் மாட்டியது. இரண்டு பக்கமும் கரும்புத் தோகை ரோட்டைப் பெருக்கிக்கொண்டு போகிறது, நடுரோட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறான். என் பாட்டுப் பாடும் ஹாரனை அழுத்தினேன், அவன் பாட்டுப் பெட்டிக்கு முன்னால் அது எங்கே கேட்கும்? வண்டி உயரம் என்பதால் கடைசியில் ரோட்டை விட்டே இறக்கி, வாய்க்கால் ஓரமாகக் குதித்துக் குதித்துத் தாண்டினேன். அவள் தலை கூரையில் இடித்தது. "அய்யோ, பாத்தும்மா" என்றேன். "ஓட்டுங்கண்ணே" என்றாள்.

பள்ளிக்கூட கேட்டில் நிறுத்தும்போது மணி பத்தரைக்கு மேல் ஆகிவிட்டது. குதித்து இறங்கி ஓடினாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் இரண்டு உள்ளங்கையும் கன்னங்கரேலென்று இருந்தது. கைப்பிடியில் நான் தடவின ஷூ பாலிஷ். நெற்றியைத் துடைத்த இடத்தில் ஒரு தீற்றல், புதுப் புடவை முந்தானையில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. கேட்டில் நின்ற வாத்தியார் ஒருவர் முடியாது என்று கையை ஆட்டினார். நான் கீழே இறங்கிப் போய், "சார், தப்பு என்னுதுங்க, வண்டி என்னுதுங்க" என்று கும்பிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கறுத்த கையைப் பார்த்தார். "ஓடும்மா, ஓடு" என்று கதவைத் திறந்துவிட்டார்.

மதியம் விடுதிக்காரர் வந்தார். சேறு, உதிர்ந்த பட்டி, அப்பளமான ஓரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதாங்க லுக்கு! நெஜமாவே காட்டுல ஓடின வண்டி மாதிரி இருக்குது. அப்படியே வுட்டுடுங்க" என்றார். சனி ஞாயிறு ஓட்டம் நிச்சயமாகிவிட்டது. வருகிற பிள்ளைகள் வண்டி மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமைக் கதையை டீக்கடையில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். பல்லால் ரப்பரைக் கடித்துப் பிய்த்தது, டிராக்டரை வாய்க்கால் ஓரம் தாண்டியது, வாத்தியாரைக் கும்பிட்டது. சொல்லச் சொல்ல டிரெய்லர் இரண்டு மூன்றானது, வாய்க்கால் ஆறானது. "நான் மட்டும் திரும்பிப் போவலன்னா அந்தப் பொண்ணு பரீட்சயே எழுதியிருக்காது" என்று முடிப்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். முதலில் ஏன் விட்டுவிட்டு வந்தேன் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுவேன். வண்டியில் போகும்போது அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. எழுதிவிட்டாள், தாண்டிவிடுவாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

ரிசல்ட் வந்த அன்று பார்த்துவிட்டு வரக் கச்சிராயப்பாளையம் பிரவுசிங் சென்டருக்கு இறங்கியிருந்தாள். நான் டீக்கடை பெஞ்சில் இருந்தேன். என் கதையைக் கேட்டவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அவள் ரோட்டைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "இன்னாம்மா, டீச்சரம்மா ஆயாச்சா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

வந்து நின்றாள். கையில் அச்செடுத்த தாள் இருந்தது. "முப்பத்தொண்ணுண்ணே" என்றாள்.

முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். பெஞ்சில் இருந்த ஒருவர்தான் கேட்டார், நாலு மார்க்குதானா, எங்கே விட்டாய் என்று.

அவள் அவருக்குச் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை. "கிராப்பு வரையறது எட்டு மார்க்குங்க. எனக்கு நல்லா வரும், டீச்சரு அத நம்பித்தான் இருந்தாங்க. உள்ள போனதும் பேப்பரத் தொட்டா கருப்பு ஒட்டுது, போய் கழுவிக்கினு வான்னுட்டாங்க. தண்ணியில போவல, மண்ணு போட்டுத் தேச்சேன். அதுலயே கொஞ்ச நேரம் போயிடுச்சி."

என் கையில் டம்ளர் அசையாமல் இருந்தது. "அந்த வேலை?" என்று கேட்டேன்.

"வேற ஆளு போட்டுடுவாங்கண்ணே." தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "கிராப்புல அளவு போட்டுட்டேண்ணே. புள்ளி எல்லாம்கூட வெச்சிட்டேன். சேத்துக் கோடு இழுக்கறதுக்குள்ள பேப்பர வாங்கிட்டாங்க."